பீடிக்கு நான் அனுப்பிய நினைவூட்டல்கள்

ஒருவனைப் பீடி பிடிக்க வைத்தே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டு போயிருந்தால்கூட அவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. நிறுத்த வைக்கத்தான் போனேன். இந்த முட்டாள்தனத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அவமானம்.

தில்லியில், வீடில்லாதவர்களுக்கான ஒரு விடுதி. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். ஒருவன் விழுப்புரம் பக்கத்துக்காரன். இருபத்து நான்கு வயது, கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவன். அவன் மண்டையோட்டின் ஒரு துண்டை மருத்துவமனையில் எடுத்து வைத்திருந்தார்கள். அதைத் திரும்பப் பொருத்த வேண்டுமானால் ஒரு மாதம் புகையே கூடாது, புண் ஆறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் திரிய வேண்டும். அவனோடு தமிழில் பேச ஆள் தேவை என்றார்கள். மனைவி போனபின் எனக்கும் அதே தேவைதான். யார் யாருக்கு உதவப் போனது என்பதை விட்டுவிடுவோம்.

முப்பத்தாறு வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் இரண்டாம் நினைவூட்டல். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. தினமும் மாலை ஐந்து மணிக்குப் போய் உட்காருவேன்.

"தம்பி, இன்னிக்குப் பீடி குடிச்சியா?"

அவன் ஹெல்மெட்டின் மேலேயே சொறிந்துகொண்டு யோசிப்பான். முகம் மலரும்.

"அட ஆமா சார்! நல்லவேள ஞாபகப்படுத்துனீங்க."

எழுந்து வாசலுக்குப் போவான். அங்கே நிற்கும் ரிக்‌ஷாக்காரரிடம், "பையா, ஏக் பீடி." அந்த முகத்துக்கு இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நான் அசரவில்லை. கேள்வியை நாளுக்கு மூன்று முறையாக்கினேன்.

பன்னிரண்டாம் நாள் விடுதிப் பொறுப்பாளர் என்னைத் தனியே அழைத்தார். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் பாதி இந்தி; உட்கார்ந்து பேச நேரமும் கிடையாது. மற்றவர்களுக்குப் பீடிக்காகக் கை பரபரக்கும்போது சோம்பு கொடுத்து, கேரம்போர்டில் உட்காரவைத்துச் சமாளிப்பவர்.

"அங்கிள், காலைலேருந்து அவனுக்குப் பீடி யாதே இல்ல. மறந்துடறான்."

"அச்சா!"

"அச்சா இல்ல அங்கிள். நீங்க வந்து கேக்கறீங்க, அப்பதான் யாத் வருது."

"அப்போ கேக்காம சும்மா உக்காந்திருக்கேனே."

"டிரை பண்ணுங்க."

மறுநாள் வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். "சார், பீடின்னு ஏதோ சொல்வீங்களே?" என்று எழுந்து போனான். நான்கு நாள் இதேதான். கடைசியில், ஒரு மாதம் வர வேண்டாம் என்றார் பொறுப்பாளர். டீ கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த மாதம் மாலை ஐந்து மணி நகரவே மறுத்தது. சட்டை மாற்றிக்கொள்வேன், செருப்பை மாட்டுவேன், கழற்றுவேன். தாங்க முடியாத நாட்களில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போய்ப் பெருங்காயம் வாங்குவேன். "என்ன சார், நேத்துதானே வாங்கினீங்க?" என்பார் கடைக்காரர். அன்றைக்கு என் காதில் விழும் தமிழ் அவ்வளவுதான். வீட்டில் ஏழு டப்பா சேர்ந்தது. ஒற்றை ஆள் ரசத்துக்கு ஏழு தலைமுறை தாங்கும்.

ஒரு மாதம் இரண்டான பிறகு ஒருநாள் போன் வந்தது. எலும்பைப் பொருத்தியாகிவிட்டது, புண்ணும் ஆறிவிட்டது, இனி வரலாம் என்றார் பொறுப்பாளர். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆட்டோவில் போனேன்.

ஹெல்மெட் இல்லாமல் வெயிலில் உட்கார்ந்திருந்தான். தையல் தழும்பைச் சுற்றி முள்முள்ளாக முடி. எதைச் சொல்லக் கூடாதோ அந்தச் சொல்லைப் பல்லுக்குள் பூட்டிக்கொண்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"என்னப்பா, சௌக்கியமா?"

மேலும் கீழும் பார்த்தான். என் பெயர் வரவில்லை, நான் யாரென்றும் வரவில்லை. ஆனால் ஏதோ ஒன்று வந்துவிட்டது. நாற்காலியைக் காலால் தள்ளினான்.

"பீடிய வுட்டுட்டேன், கெளம்புங்க."