அண்ணனைத் தோற்கடிக்கத்தான் கோச்சிங் போனேன்

என் நோயின் முதல் அறிகுறி துறைமுக கேட்டில் பிடிபட்டது. இறால் ஏற்றிய கண்டெய்னரின் கதவில் போட்ட சீல் எண்ணுக்குப் பதிலாக, அதற்கு முன்னால் போன கண்டெய்னரின் எண்ணைத் தட்டச்சு செய்திருந்தேன். வண்டியைத் திருப்பிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது.

சரக்கு அனுப்பும் அந்த அலுவலகம் என் அண்ணனுடையது. டிரைவர்கள் எல்லோரும் நிற்க, "ஏளா, ஒன் மண்டைல என்னதான் இருக்கு? இனி டீ மட்டும் வாங்கிக் குடு, போதும்" என்றான். பதினோரு வருடம் அவனுக்காகக் காகிதம் பார்த்தவள் நான். இதே வேலையில் இவனைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

ஏன் இப்படித் தவறுகிறது என்று கேட்கப் போனேன். மனநல மருத்துவர் மூன்று முறை பேசிவிட்டு, ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, நேரத்தின் அளவு பிடிபடாத மூளையின் இயல்பு) என்றார். குடும்பவழியிலும் வரலாம் என்றார். மாத்திரையோடு, அன்றாட வேலைகளை ஒழுங்காகச் செய்யப் பழக்கும் ஒரு கோச்சிடமும் அனுப்பினார்.

போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கோச் உங்களைக் குணப்படுத்த மாட்டார். சிறுவயதைத் தோண்ட மாட்டார். என் கோச் செல்வி வாரம் ஒருமுறை வீடியோவில் வருவார். முதல் நாள், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் என் முன்னால தலகுனியணும்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, அதுக்கு இந்த வாரம் என்ன செய்வீங்க?" என்றார்.

அவ்வளவுதான் கோச்சிங். வேறு ஆள் கிடைக்காமல் அண்ணன் மறுபடி என்னிடமே காகிதங்களைத் தந்தபோது, சீல் எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தட்டச்சு செய்தேன். ஒரு கண்டெய்னர் முடியாமல் அடுத்ததன் தாளைத் தொடவில்லை. மூன்று அலாரம் வைத்தேன். முதல் மாதம் எல்லாம் சொதப்பல். செல்வி திட்டவில்லை, எந்த இடத்தில் விட்டது என்று மட்டும் கேட்டார். திட்டு வாங்கிப் பழகியவளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

எட்டாவது மாதம் அண்ணனுக்குப் போட்டியாக இதே தொழில் செய்யும் எதிர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த இறால் கம்பெனிக்காரரும் என் பின்னாலேயே வந்துவிட்டார். எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

போன வாரம் என் கண்டெய்னரை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினால், கேட் ஓரம் அண்ணன். சட்டைப் பையைத் தட்டுகிறான், வண்டிக்குள் குனிகிறான், மறுபடி பையைத் தட்டுகிறான்.

"பேப்பர எங்கன வச்சேன்னு தெரியலயேளா" என்றான். அந்தத் தேடலை நான் முப்பத்தாறு வருடம் தேடியிருக்கிறேன். இவனுக்கும் அதுதான் என்று பார்த்ததும் புரிந்துவிட்டது.

செல்வியின் நம்பர் என் போனில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. "கேட் மூட இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

கடிகாரம் பார்க்காமலே சொன்னேன். முன்பு பன்னிரண்டு நிமிடமும் இரண்டு மணி நேரமும் என் உடம்புக்கு ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு நிமிடமும் கழிவது தெரிகிறது. அந்தப் பன்னிரண்டும் ஒவ்வொன்றாகப் போவதை நின்று பார்த்தேன்.