இரண்டு அறைக்கு ஒரு வெப்பமானி

"ரொம்ப லைட்வெயிட்டுதான்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. எங்கள் டீம் லீடர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது, ஒரு சிட்டிகை உப்பு எடுப்பதுபோலக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டுவார். அந்தச் சிட்டிகையில்தான் என் மதினியின் ஏலத்தோட்டம் போனது.

போடியில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். லீடர் பெங்களூரில் பெரிய கம்பெனிகளில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் அவரை அண்ணே என்போம், வாடிக்கையாளர்கள் சார் என்பார்கள். போடிமெட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றுக்கு, சூட்டைத் தானாகவே கட்டுப்படுத்தும் ப்ரோகிராம் எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. ஸ்டோரில் விறகடுப்பை எடுத்துவிட்டு மின்சார ஹீட்டர் போட்டிருந்தார்கள். இரண்டு அறை. அறைக்கு ஒரு ஹீட்டர், சூட்டை அளக்க ஒரு சென்சார். சூடு ஏறினால் அணைக்க வேண்டும், இறங்கினால் போட வேண்டும். அவ்வளவுதான் சோலி.

இரண்டு அறை எதற்கென்றால், தன் காயோடு அடுத்தவர் காயைச் சேர்த்து உலர்த்த மலையில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அரை அறைக்குத்தான் காய் இருந்தாலும் தனி அறைதான் கேட்பார்கள். கலந்துவிட்டால் வெட்டுக்குத்து வரைக்கும் போகும் என்று ஸ்டோர்காரர் முதல் நாளே சொன்னார். லீடர் தலையை ஆட்டிக்கொண்டே போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

ப்ரோகிராமில் ஒரு பகுதிக்கு இன்னொரு பகுதி தேவைப்படும். ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குச் சென்சார் வேண்டும். அதை அது தானே உண்டாக்கிக்கொள்ளாமல், வெளியிலிருந்து நாம் கொடுப்பது நல்ல பழக்கம். டிபென்டென்சி இன்ஜெக்ஷன் என்று அதற்குப் பெரிய பெயர். எனக்கு அதோடு சண்டை இல்லை. முதல் அறைக்கு இந்தா ஒன்று, இரண்டாம் அறைக்கு இந்தா ஒன்று என்று இரண்டு வரியில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். லீடருக்கு அது கேவலமாகப் பட்டது. எடுத்துக் கொடுப்பதற்கென்றே நடுவில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும் என்றார். அந்த ஆளுக்குத்தான் கன்டெய்னர் என்று பெயர். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டில் பரிமாறுவதற்குக் கான்ட்ராக்ட் விடுகிற மாதிரியான காரியம்.

"ரெண்டே ரெண்டு சென்சாருண்ணே. கையால குடுத்துட்டுப் போவோமே."

"மாப்ளே, நாளைக்கே நூறு ரூமு வந்தா என்ன பண்ணுவ?"

"அங்க நூறு ரூமு கட்ட எடம் ஏதுண்ணே? ஸ்டோருக்குப் பின்னால பள்ளம்."

"இது லைட்வெயிட்டுடா" என்று சிட்டிகையைக் காட்டினார். பிறகு போர்டில் பெட்டி பெட்டியாக வரைந்து, அம்புக்குறி போட்டு, போட்டோ எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கீழே பாராட்டுகள் குவிந்தன. பாராட்டியவர்களில் ஒருவராவது ஏலக்காயைச் செடியில் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஆபீசில் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு சென்சார்தான் இருந்தது. அதன் நுனியை டீ டம்ளரில் முக்கினார். சூடு ஏறியது, ப்ரோகிராம் அணைக்கச் சொன்னது. அவரே கைதட்டினார். இன்னொரு சென்சாரையும் மாட்டிப் பார்ப்போம் என்றேன். ஒன்று வேலை செய்தால் எல்லாம் வேலை செய்யும், அதற்குத்தானே கன்டெய்னர் என்றார். இதற்கு மேல் பேசினால் எனக்கு ஆர்கிடெக்சர் புரியவில்லை என்று வகுப்பெடுக்க உட்கார்ந்துவிடுவார்.

இப்போது மதினி. என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அவன் துபாயில் இருக்கிறான். மெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. மூட்டுவலியால் மலை ஏற முடியாமல் போன அப்பா, தோட்டத்தைக் குத்தகைக்கு விடப் பார்த்தார். மதினிதான் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"ஒரு தடவ என்கிட்ட விட்டுப் பாருங்க மாமா."

அப்பா யோசிப்பதுபோல் நடித்தார். "சரி. இந்த எடுப்புல பறிக்கிற காய் பச்ச மாறாம வரட்டும். வந்துச்சுன்னா தோட்டம் ஒன் பொறுப்பு. வரலைன்னா அப்பறம் பேச்சே கெடையாது."

பொம்பளை மலையில் என்னத்தைக் கிழிப்பாள் என்று அவர் வாயால் சொல்லவில்லை, முகம் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து விடிகாலையில் கூலியாட்கள் போகும் ஜீப்பில் மதினியும் இடித்துப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார். அட்டைக்கடியோடு இறங்கி வருவார், ஆனால் வீட்டில் அவ்வளவு சிரித்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஏலக்காய் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது பச்சை நிறத்தைத்தான். செடியில் எவ்வளவு பாடுபட்டாலும், உலர்த்தும் அறையில் சூடு மிஞ்சினால் எல்லாம் பழுப்பாகிவிடும்.

எங்கள் ப்ரோகிராம் ஓடத் தொடங்கிய அன்று முதல் அறையில் ஒரு பெரிய எஸ்டேட்காரரின் காய், தட்டுத்தட்டாக நிரம்பிக் கிடந்தது. இரண்டாம் அறையில் மதினியின் காய், அரை அறைக்கு. மத்தியானம் லீடர் ஸ்க்ரீனைப் படம் பிடித்து எங்கள் குரூப்பில் போட்டார். "ரெண்டு ரூமும் புள்ளி பிசகாம ஒண்ணா இருக்கு பாத்தீங்களா! இதான் டிசைன்."

ஈரக்காய் நிரம்பிய அறை மெதுவாகச் சூடேறும். பாதி காலியான அறை சட்டென்று ஏறும். இரண்டும் எப்படிப் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்கும்? ஓடிப்போய்ப் ப்ரோகிராமைத் திறந்து பார்த்தேன். அவருடைய கன்டெய்னரின் குணம் அது. ஒரு பொருளை ஒரு தடவை உண்டாக்கினால், கேட்கிற எல்லோருக்கும் அதையே எடுத்துக் கொடுக்கும். ஆளுக்கொன்று தனியாக வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். மகானுபாவர் சொல்லவில்லை. முதல் அறையின் சென்சாரையே இரண்டாம் அறைக்கும் கொடுத்துவிட்டது. எஸ்டேட்காரரின் காய்க்குச் சூடு போதவில்லை என்று மதினியின் காயை வறுத்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, ரெண்டாவது ஹீட்டர நிறுத்துங்க."

"பதறாதடா. டேட்டாவப் பாத்துப் பேசு."

அவரோடு பேசி நின்றால் ஆகாது என்று நானே என் கம்ப்யூட்டரிலிருந்து நிறுத்தப் பார்த்தேன், அதற்கான அனுமதியை அவர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். மதினிக்குப் போன் போட்டேன், டவர் இல்லை. ஸ்டோர்காரர் எடுக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு மெட்டுக்கு ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லீடருக்கு ஒரு கெட்ட வார்த்தை என்று ஆரம்பித்தேன். வளைவுகள் முடியும் முன்பே வார்த்தைகள் தீர்ந்துவிட்டன.

மதினி இரண்டாம் அறைக்கு முன்னால், கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தார். கதவில் லீடர் அச்சடித்துக் கொடுத்த தாள் ஒட்டியிருந்தது: கதவைத் திறக்கக் கூடாது.

"என்ன தம்பி, இவ்வளவு வெரசா வந்திருக்கீங்க?"

"கதவத் தொறங்க மதினி."

"தொறக்கக் கூடாதுன்னு போட்டுருக்கே. ஏதாச்சும் ஆயிட்டா என் தலையில வந்து விடியும்."

"ஸ்க்ரீன்ல எல்லாம் சரியாணு சாரே" என்றார் பாதி மலையாளத்தில் ஸ்டோர்காரர்.

நானே திறந்தேன். முகத்தில் அடித்த அனலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. தட்டுகளில் காய் பழுப்பாக, வாய் பிளந்து கிடந்தது. மதினி ஒரு கை அள்ளி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது என் காய்தானா?" என்று கேட்டார். பக்கத்து அறையில் எஸ்டேட்காரரின் காய் பச்சை மாறாமல் காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் லீடர் எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தார். வாசலிலேயே மறித்தேன். "அண்ணே, தப்பு நம்ம ப்ரோகிராம்ல. அத நீங்களே அப்பாகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு, நீங்க சொன்னா நம்புவாரு. ஒரு வார்த்தை போதும்." என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார். காபியை வாங்கிக்கொண்டார். "காயக் கழுவிட்டுத் தண்ணிய நல்லா வடியவிடாமப் போட்டுட்டா சில சமயம் இப்படி ஆயிரும் சார்" என்றார்.

நான் கத்தினேன். கன்டெய்னர், சென்சார் என்று என்னவெல்லாமோ சொன்னேன். "அந்தச் சாரே சொல்றாரு, நீ என்னடா மதினிக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்ற" என்றார் அப்பா. அவருக்கும் உண்மை தேவைப்படவில்லை. குத்தகைக்காரரிடம் முன்பே வாய்ப்பேச்சு முடித்து வைத்திருந்தார் என்பது அந்த வாரமே தோட்டம் கைமாறியபோது தெரிந்தது. காரணம்தான் தேவைப்பட்டது, அதை லீடர் காபி குடித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுக் கதவில் அந்தத் தாளை ஒட்ட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வேலையை அன்றே விட்டெறிந்தேன் என்று எழுத ஆசைதான். வேறு வேலை கிடைக்கும்வரை இருந்தேன், பிழையைத் திருத்தியதும் நான்தான். லீடர் அதையே 'தவறுகளிலிருந்து கற்றல்' என்று ஒரு கல்லூரியில் போய்ப் பேசினார். அவர் காட்டிய படங்களில் பெட்டிகள் இருந்தன, அம்புக்குறிகள் இருந்தன. ஒரு ஏலக்காய்கூட இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போகாததால் கையில் அட்டைக்கடியெல்லாம் ஆறியிருந்தது.

"அந்த மிசினு இப்பச் சரியாயிருச்சா தம்பி?"

"ஆயிருச்சு மதினி."

"என்ன பண்ணுனீங்க?"

"ஒவ்வொரு அறைக்கும் தனியா ஒண்ணு குடுத்துட்டோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார்.

"வெறும் அறைக்கே தனியா ஒண்ணு குடுத்துட்டீங்க. எனக்குன்னா மட்டும் இந்த வீட்டுல யாருக்கும் மனசு வரல."