எஸ்தர் அக்காவுக்கு வைத்த வெளிச்சம்

கோபர்கைரனேயில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எதிர்வீட்டுப் பெண் ரீல்ஸ் எடுக்கிறாள். அதற்கென்று வட்ட விளக்கு ஒன்று வாங்கியிருக்கிறாள். போன வாரம் அதைப் பொருத்தத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டாள். போட்டுப் பார்த்தால் அவளுடைய இரண்டு கண்மணியிலும் வெள்ளை வளையம், பொரித்த மீனின் கண் மாதிரி. "அங்கிள், அச்சா ஹை நா?" என்றாள். அச்சாதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்ணில் ஒரே ஒரு பொட்டு வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காகத் தகரக் கூரைமேல் ஏறி நின்ற கதையை அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

அப்போது எனக்கு மாட்டுங்காவில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை. என் நண்பன் செல்வின் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். தாராவியில் பிறந்தவன், ஆனால் பேச்சு மட்டும் அவன் அப்பாவின் ஊரான நாசரேத்தை விட்டு நகரவில்லை. இருவருக்கும் சினிமாப் பைத்தியம். எங்கள் சொத்து ஒரு பழைய கேமரா, அதோடு வந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். சின்ன அறைக்குள் அந்த லென்ஸை வைத்தால் முகமும் ஒரு காதும்தான் அடங்கும். முழு ஆளும் தெரியவேண்டுமானால் சுவரைத் தாண்டிப் பின்னால் போகவேண்டும். செல்வின் போனான். சந்தில் இறங்கி, எதிர்வீட்டுக்காரர்கள் காயப்போட்ட உள்பாவாடைகளுக்கு நடுவே நின்று, திட்டு வாங்கிக்கொண்டே எடுத்தான்.

எடுத்த இடம் தாராவியில் காதர் பாயின் பட்டறை. தோல் பை தைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமை சாவியை எங்களிடம் கொடுத்துவிடுவார். பசையும் தோலும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் செருப்புக் கடைகளைக் கடக்கும்போது வரும். நான் நின்றுவிடுவேன், மனைவி தனியாகப் பேசிக்கொண்டே முன்னால் போய்விடுவாள்.

கதை சின்னது. பை தைக்கிற பெண் ஒருத்தி, எல்லாரும் போனபிறகு, தான் தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கிறாள். நடித்தது எஸ்தர் அக்கா. செல்வினுக்குப் பெரியம்மா மகள். அந்தப் பட்டறையிலேயே நிஜமாகப் பை தைத்து, தகப்பன் இல்லாத மகனை வளர்த்துக்கொண்டிருந்தவள்.

அந்தச் சந்தில் சூரியன் உச்சிப்பொழுதில் மட்டும் எட்டிப் பார்க்கும். செல்வின் தன் வீட்டு பீரோக் கண்ணாடியைக் கழற்றிவந்து என்னை எதிர்வீட்டுத் தகரக் கூரைமேல் ஏற்றினான். நான் வெயிலைப் பிடித்து ஜன்னலுக்குள் அனுப்பவேண்டும். ஜன்னலில் பேக்கரியிலிருந்து வாங்கிய பட்டர் பேப்பர் ஒட்டியிருந்தோம். அதில் வடிந்து உள்ளே போகும் வெயில் பால்மாதிரி இருக்கும். முகத்தின் மறுபக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட டிவி பெட்டியில் வந்த தெர்மோகோல். வெள்ளைச் சுவர் இருந்தால் ஒரு விளக்கு மிச்சம் என்று செல்வின் நச்சரித்து, காதர் பாயை உள்ளே வெள்ளையடிக்கவும் வைத்துவிட்டான். கூரையில் எனக்குக் கால் பொசுங்கியது. கால் மாற்றி மாற்றி நின்றேன். கீழேயிருந்து செல்வினின் சத்தம் வந்தது: "எலே, சாமியாடாத. வெளிச்சம் ஆடுது."

படத்தைச் சர்ச் ஹாலில் பெட்ஷீட் கட்டிப் போட்டோம். பட்டறை பின்னால் மங்கிக் கிடக்க, எஸ்தர் அக்காவின் கன்னத்தில் அந்த வெளிச்சம் இறங்கி வந்தது, கண்ணில் ஒரே ஒரு பொட்டாக நின்றது. முடிந்தபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"எல, நான் இப்பிடியா இருக்கேன்?"

"இப்பிடித்தான்க்கா இருக்கிய. நாங்க வெளிச்சத்த மட்டுந்தான் வச்சோம்" என்றான் செல்வின்.

அதை மாட்டுங்காவில் குறும்படம் பார்க்கிறவர்களின் ஒரு சின்னக் கூட்டத்திலும் போட்டோம். அங்கே பார்த்த ஒரு பெரிய இந்திப்பட டைரக்டர், தன் படத்துக்கு அந்தப் பட்டறைதான் வேண்டும் என்று வந்தார். உள்ளூர் வேலைகளுக்குச் செல்வினையே வைத்துக்கொண்டார். எங்கள் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு அழகாக இருந்தால் தாராவி என்று யார் நம்புவார்கள் என்று சிரித்தபடி கேட்டார். நாங்களும் சிரித்தோம்.

லாரியில் விளக்குகள் வந்து இறங்கின. நான் லீவு போட்டுவிட்டு வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முதலில் செய்த வேலை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்தது. அடுத்தது சுவர். தேயிலைத் தண்ணீரும் கரியும் கலந்து பூசினார்கள். ஒரு பிரஷ் செல்வினின் கையில் இருந்தது. படம் முடிந்ததும் திரும்ப வெள்ளையடித்துத் தருவார்கள்தானே என்று காதர் பாய் என்னிடம் கேட்டார். தரவில்லை.

கதாநாயகி பை தைக்கிற ஏழைப் பெண். சிவந்த முகத்துக்கு மாநிறச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மிஷினில் உட்கார எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டி, பூ வைத்து வந்தாள். அவர்கள் பூவை எடுத்துவிட்டு, ஒரு கிழிந்த சேலையைக் கொடுத்து, முகத்தில் எண்ணெயும் அழுக்கும் தடவினார்கள். அவள் நேராகச் செல்வினிடம் வந்தாள்.

"ஒரு நாள்தானக்கா. பின்னால இருக்கத யாரும் பாக்க மாட்டாவ" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பாக்கதுக்குத்தானல எடுக்காவ" என்றாள்.

ஆனால் போய் உட்கார்ந்தாள். தம்பிக்குக் கிடைத்த வேலை தன்னால் போய்விடக்கூடாது. அன்று முழுவதும் ஓடாத மிஷினில் தைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். படம் வந்தபோது பார்த்தேன். கதாநாயகியின் தோளுக்குப் பின்னால், லென்ஸில் கரைந்துபோன ஒரு பழுப்புத் திட்டு. அதுதான் எஸ்தர் அக்கா.

நான் செல்வினிடம் சண்டை போட்டேன். "உனக்கு கூரியர் ஆபீஸ் இருக்கு. எனக்கு என்னல இருக்கு?" என்றான். அவன் அந்தப் படக் கம்பெனியோடேயே போய்விட்டான். படக்காரர்களுக்கு வேண்டிய அளவு அழுக்கான சந்துகளைக் காட்டிக்கொடுப்பதில் இப்போது அவன்தான் பெரிய ஆள் என்கிறார்கள். அக்காவுக்காக இன்னொரு கதை எழுதிக்கொண்டு போனேன். கேமரா முன்னால் நிற்கக் கூச்சமாக இருக்கிறது, வேண்டாம் தம்பி என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பட்டறையை இடித்தாயிற்று. காதர் பாய் ஊருக்கே போய்விட்டார். எங்கள் படத்தை இணையத்தில் ஏற்றியிருந்தோம். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓடிய பாட்டு அதில் பதிந்திருந்ததால் உரிமை மீறல் என்று எடுத்துவிட்டார்கள். மூலம் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒரு மழையில் செல்வினின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது போயிற்று.

போன வருஷம் எஸ்தர் அக்கா இறந்துபோனாள். ஜெபக்கூட்ட அட்டையில் போட நல்ல படம் ஒன்று கிடைக்கவில்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அக்கா ஜாடையே இல்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். செல்வினும் வந்திருந்தான். பல வருஷத்துக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் மகன் எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான்.

"சர்ச் ஹால்ல ஒரு படம் போட்டீங்கள்ல மாமா, அதுல அம்மா அம்மா மாதிரியே இருப்பாங்க. அது யார்கிட்ட இருக்கு?"

செல்வின் என்னைப் பார்த்தான். நான் டீயைக் குடித்தேன்.