கோல்கீப்பரின் புதன்கிழமைகள்

நான் யாரையும் முழுசாக நம்பாதவள் என்று என் ஆட்டக்காரிகள் பேசிக்கொள்வார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதையும் ஒட்டுக்கேட்டுத்தான்.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் காற்பந்துக் குழுவுக்குப் பதினான்கு வருஷமாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். இந்த வேலைக்கு விசிலை விடச் சந்தேகம்தான் அதிகம் தேவை என்பது என் கட்சி. கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருக்கும், "ஒண்ணுமில்ல கோச்" என்பாள் ஒருத்தி. அப்பா கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் என்று இன்னொருத்தி நீட்டுவாள், மை காய்ந்திருக்காது. நானும் அப்படிப் போட்டவள்தான். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, வீட்டில் டைப்பிங் வகுப்பு என்று சொல்லிவிட்டு மூன்று வருஷம் பந்து உதைத்திருக்கிறேன். இன்றுவரை எனக்கு டைப் அடிக்க வராது. எந்தப் பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்று அதனால் எனக்கு அத்துப்படி, அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு நீல நோட்டு உண்டு. கோலாலம்பூரில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, பெண்களைப் பயிற்றுவிக்கிறவர்கள் மாதவிலக்கு நாட்களைக் குறித்து வைத்தால் பயிற்சியின் கடுமையைக் கூட்டிக் குறைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அன்று தொடங்கிய நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். அவரவர் வந்து அவரவர் தேதியைக் குறித்துவிட்டுப் போவார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது. அந்த நோட்டில் குறித்துவிட்டு ஒருத்தி பயிற்சிக்கு வராவிட்டால் நான் மறுகேள்வி கேட்கமாட்டேன். சட்டம் நானே போட்டது. அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பெருமை.

எங்கள் கோல்கீப்பர் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டாள்.

ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், தாப்பா பக்கம் பழைய தோட்டம் ஒன்றில் வாழ்ந்த குடும்பத்துப் பெண். ரப்பர் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, லயத்து வீடுகளை இடித்து, சனங்களை அடுக்குமாடிக்கு மாற்றிய பிறகு பிறந்தவள். அதிகம் பேசமாட்டாள். பந்து வந்தால் மட்டும் இவள் கைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றும். குழுவில் இருக்கும்வரை அவளுக்கு ஹாஸ்டலில் அறை உண்டு. குழுவை விட்டு நீக்கினால் அறை போய்விடும். அறை போனால் படிப்பும் போன மாதிரிதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தப் பருவத்தில்தான் எங்கள் முக்கியமான பயிற்சியைப் புதன்கிழமை மதியத்துக்கு மாற்றியிருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன் அவள் வரமாட்டாள். நோட்டில் குறி இருக்கும். முதல் இரண்டு மாதம் நான் கவனிக்கவில்லை. மூன்றாவது மாதம் பக்கத்தைத் திருப்பி எண்ணினேன். பதினான்கு நாள், பதினான்கு நாள், பதினான்கு நாள். எப்போதும் புதன்.

புத்தியுள்ள ஒருத்தி அந்தப் பிள்ளையை டாக்டரிடம் அனுப்பியிருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் தாப்பாக்காரிதான்.

தாப்பாக்காரி என்று நான் சொல்வது, அங்கே இன்னொரு கல்லூரிக் குழுவின் பயிற்சியாளரை. ஒரு காலத்தில் நானும் அவளும் ஒரே குழுவில் ஆடினோம். இந்தப் பருவத்தில் அவளுடைய குழுவின் கோல்கீப்பர் படிப்பை முடித்துப் போய்விட்டாள். போன ஆட்டம் முடிந்ததும் தாப்பாக்காரி எங்கள் கோல்கீப்பரின் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசியதை நான் பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு வீடும் தாப்பாவில். அரையிறுதி ஆட்டம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளைத் தன் குழுவுக்கு இழுக்கிறாள் என்று எனக்குக் கணக்குச் சரியாக வந்தது.

அவள் வராத அடுத்த புதன், ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். வாங்கிய தே தாரேக் டீ ஆறிப்போனது. பதினோரு மணிக்கு அவள் வெளியே வந்தாள். காலர் வைத்த ஜெர்சி, அரைக்கால் சட்டை தவிர வேறு எதிலும் நான் அவளைப் பார்த்ததில்லை. அன்று கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற பாஜு குரோங் போட்டு, தலையைப் பின்னி, கையில் பை கூட இல்லாமல் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். வயிற்றுவலிக்காரி நடக்கிற நடையா அது? புதுக் கல்லூரியில் ஆபீசரைப் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் இந்த அலங்காரம் என்று முடிவுகட்டினேன். மதியம் பயிற்சி இருந்ததால் பின்னால் போகவில்லை. போயிருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

அன்றிரவே அவளை நீக்கச் சொல்லிக் கல்லூரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பையில் வைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் அவள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி. மறுநாள் திடலில் எல்லாரையும் நிற்க வைத்து, நீல நோட்டை விரித்தேன். இருபது பேர் முன்னால் அவளுடைய பக்கத்தைப் படித்தேன். தேதி தேதியாக.

"என்னம்மா ஒடம்பு இது? மாசத்துக்கு ரெண்டு தடவையா? அதுவும் புதன்கெழமை பாத்து?"

பின்னால் ஒருத்தி சிரித்தாள். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

கோல்கீப்பர் கையுறையைக் கழற்றினாள். ஒரு கை, பிறகு இன்னொரு கை.

"அப்பாவப் பாக்கப் போறேன் கோச்."

"அப்பாவா? எங்க?"

"பத்து காஜால."

அந்த ஊரை எங்கள் பக்கத்தில் இரண்டு காரணத்துக்குச் சொல்வார்கள். ஒன்று ஆஸ்பத்திரி. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அது இல்லை என்று புரிந்துவிட்டது. அவளுக்கு ஒரு வழி விடுகிற மாதிரிக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலயா?"

அவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் விட்டிருப்பேன்.

"இல்ல கோச். இன்னொண்ணு."

அந்த இன்னொன்று சிறை என்று அங்கே நின்ற இருபது பேருக்கும் தெரியும். உள்ளே போகிறவர்கள் முழுக்க மூடிய உடுப்பில் போக வேண்டும், கையில் எதையும் கொண்டுபோகக்கூடாது என்பதும் எனக்குத் தெரிந்த விஷயந்தான். பாஜு குரோங்கையும் வெறுங்கையையும் நேரில் பார்த்துவிட்டு, நான் வேறு கதை கட்டியிருந்தேன்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஏன் மொதல்லயே எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். குற்றம் அவளுடையது போல.

அவள் என் கையில் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தாள்.

"சொன்னா எழுதியிருப்பீங்க கோச்."

நான் விசிலை ஊதிப் பயிற்சியைத் தொடங்கினேன். முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல கோச்" என்றாள். தப்பாக விசில் ஊதிய நடுவரிடம் ஆட்டக்காரிகள் சொல்வார்களே, அந்தக் குரலில். கடிதத்தைக் கிழித்தேன். வெட்கத்தில் அன்று நான் சாப்பிடவில்லை.

ஆனால் என் புத்தி எங்கே போகும்? சாயங்காலம் தாப்பாக்காரிக்குப் போன் போட்டேன். என் சந்தேகத்தில் பாதியாவது சரியாக இருக்கட்டுமே என்று ஒரு நப்பாசை.

"கேட்டேன்லா, கேக்காம இருப்பனா?" என்று அவள் சிரித்தாள். "வரமாட்டேன்னுருச்சு. ஈப்போதான் கிட்டக்கனு சொல்லிச்சு. வீடு இங்க இருக்கு, எதுக்குக் கிட்டக்கனு கேட்டேன். வாயே தொறக்கல. நீ என்ன மருந்து வச்சிருக்க அதுக்கு?"

நான் போனை வைத்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டுப் பக்கத்தில் கல்லூரி இருக்க, இந்தப் பெண் ஈப்போவுக்குத் தேடி வந்தது என்னிடம் பயிற்சி பெறத்தான் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பத்து காஜா ஈப்போவிலிருந்து ஒரு பஸ் தூரம்.

அரையிறுதியில் அவள் ஆடினாள். இரண்டு பெனால்டியைப் பிடித்தாள். ஜெயித்ததும் எல்லாரும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவள் வரிசையில் கடைசியாக வந்து கைகொடுத்தாள்.

அதற்குப் பிறகு நோட்டு மாறிவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் இருபத்தெட்டு நாள். எப்போதும் முன்பின்னாக வருகிறவளுக்கும் இருபத்தெட்டு, மூன்று மாதமாக வராமல் இருந்தவளுக்கும் இருபத்தெட்டு. இறுதி ஆட்டத்தின் பாதியில் எங்கள் முன்வரிசைக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திடலிலேயே உட்கார்ந்தபோது, அவளுடைய பக்கத்தில் அந்த வாரம் வெறுமையாக இருந்தது. காலையில்கூட, "ஒண்ணுமில்ல கோச்" என்றுதான் சொன்னாள். இப்படி ஒழுங்காகப் பொய் சொல்ல இருபது பேருக்கும் ஒரே நாளில் கற்றுக்கொடுத்தது நான்தான்.

கோல்கீப்பரின் பக்கம் மட்டும் வேறு மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, எல்லாரும் பார்க்கும்படி நோட்டை வாங்கி, பேனாவை அழுத்தி, 'அப்பா' என்று எழுதிவிட்டுப் போகிறாள். என்னிடம் கேட்பதில்லை. அந்த நோட்டில் இப்போது நான் நம்புகிற பக்கம் அது ஒன்றுதான்.