பூ கேட்க மறுத்த பண்டாரம்

“உசுரைக் குடுத்தவ ஆத்தா. அதைப் புடுங்கறதுக்குச் சர்க்காருக்கு ஆருங்க அதிகாரம் குடுத்தது?”

கேட்டபடியே அப்புசாமிப் பண்டாரம் எதிரில் நின்றவனின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். பள்ளிப் படிப்பை முடித்திருந்த அவன், இதை எழுதுகிறவன்தான். கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்வதற்குள் விரல் காகிதத்தில் பதிந்துவிட்டது.

சூலூர்ப் பக்கத்தில் ஒரு காளியம்மன் கோயிலுக்குப் பூசாரி அவர். நெற்றியில் திருநீறு, காதில் ஒரு அரளிப்பூ, கையில் விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த கொட்டாங்கச்சி. ஒரு மாதமாக இந்தக் கோலம்தான். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் முத்தாத்தாளின் கணவனை மண்வெட்டியால் அடித்துக் கொன்ற தம்பிதுரை, கோயமுத்தூர் ஜெயிலில் தூக்குக்குக் காத்திருந்தான். கவர்னருக்கு அனுப்பும் கருணை மனுவுக்குத்தான் பண்டாரம் கைநாட்டு வாங்கினார். வைக்காதவனுக்குப் பொங்கச்சோறு கிடையாது.

மளிகைக்கடைச் சீனிவாசலு ஒருநாள் மடக்கினார். “ஏனுங்க பண்டாரம், ஆத்தாளே அசுரனைச் சூலத்துல குத்திப்போட்டுத்தான நிக்கறா?”

“குத்துனாளுங்க. ஆனா அவனைக் காலடியிலேயே வெச்சுக்கிட்டு, அவளுக்கு வார பூசையில அவனுக்கும் பங்கு குடுக்கறாளே! உங்க சர்க்கார் குடுக்குமுங்களா?”

சீனிவாசலு சிரித்துக்கொண்டே விரலை நீட்டினார்.

ஆனால் மனு எழுதிய வக்கீல் கையை விரித்துவிட்டார். ஊரே கைநாட்டு வைத்தாலும், செத்தவன் மனைவியின் விரல் இல்லாவிட்டால் மனு எடுபடாதாம். தூக்குக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

பண்டாரம் தேடிப் போனபோது முத்தாத்தாள் பருத்திக் காட்டில் நின்றாள். “பூ கேட்டுப் பாருங்க. வெள்ளை வந்தா வெக்கறேன். செவப்பு வந்தா அவன் தொங்கட்டும்.”

கல்யாணமோ கிணறு வெட்டோ, எதற்கும் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டிலும் வெள்ளையையே கட்டிவிடச் சொல்லிப் பண்டாரத்தின் காதைக் கடித்தவர்களும் உண்டு. பண்டாரம் மாட்டேனென்று தலையை ஆட்டினார்.

“இதுக்கு மட்டும் பூ கேக்க மாட்டனுங்க அம்மணி. பெத்தவகிட்டப் போயி, உங்க புள்ளைகள்ல இவனைக் கொல்லட்டுமான்னு கேக்கறதா? உங்க கை. நீங்களே சொல்லோணும்.”

“எம்பட ஊட்டுக்காரரு திரும்பி வருவாருங்களா?”

“வரமாட்டாருங்க.”

அவள் மடியிலிருந்த பருத்தியை வெகுநேரம் அமுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, “அவன் பொண்டாட்டியும் என்னையாட்டத்தான் நிக்கோணுமாக்கும்? கொண்டாங்க அந்த மையை. ஆனா அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றாள்.

“அது உங்க இஷ்டமுங்க” என்றார் பண்டாரம். வழிந்த கண்ணீரைத் துடைத்ததில் அவர் முகமெல்லாம் மை.

பத்தாம் நாள் சேதி வந்தது: தூக்கு இல்லை, ஆயுள் தண்டனை. கோயிலில் பம்பை முழங்கியது, பானைகள் பொங்கின. தீபாராதனை முடிந்ததும் முதல் மரியாதைக்காகப் பெரிய பண்ணையத்துக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையை நீட்டினார். பண்டாரம் அந்தக் கையைத் தாண்டி நடந்தார். தாலியறுத்தவள் முன்னால் வரக் கூடாதென்று கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற முத்தாத்தாளிடம் போய், முதல் திருநீற்றுத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

படிக்கத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சொல்லுங்கள்.