கணினி அறையில் ஒரு நெத்தோலி

எங்கள் பள்ளியின் கணினி அறைக்குள் காலணியோடு நுழைந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் முதல்வர். மற்ற எல்லோரும், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் உட்பட, வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். சட்டத்தைப் போட்டவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்களில், திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் கம்ப்யூட்டர்களுக்கு நான் காவலாக இருந்தேன். கற்றுக்கொடுக்கவும் செய்தேன், ஆனால் காவல்தான் முக்கியம். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அன்று எல்லோரும் நம்பினோம். முதல்வரிடம் மட்டும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய கறுப்பு ஷூ போய்வந்த தடத்தைத் துணி எடுத்து நானே துடைப்பேன், மனதுக்குள் திட்டிக்கொண்டே.

சட்டத்தால் எனக்கு ஒரு லாபம் உண்டு. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இது பின்னால் பெரிய தலைவலியாகப் போயிற்று.

அந்த வருடம் ஆங்கிலத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். களியக்காவிளைக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஸ்டாஃப் ரூமில் தமிழ் பேச எனக்கு அதுவரை ஆளில்லை. நானோ திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத் தமிழ், அவர் பேசியது குமரித் தமிழ். இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் மலையாளிகள், இது இரண்டு வேறு பாஷையா என்று கேட்பார்கள்.

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு உயர்நிலை ஆங்கிலம் என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. நன்றாகப் படிக்கிற இருபது பேருக்குப் பாடப்புத்தகத்துக்கு மேலே ஒரு முழு ஆங்கில நாவல். பருவத்தின் முடிவில் முதல்வர் உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு வைப்பார். அதில் தேறாதவர்கள் சாதாரணப் பிரிவுக்குத் திரும்பிப் போக வேண்டும். அதுவரை அந்த வகுப்பு எப்படி நடந்தது என்றால், டீச்சர் கதையைச் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், நாவலை ஒருவரும் படிக்க மாட்டார்கள். இந்த டீச்சர் வந்ததும் படிக்க வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நூலகத்தில் ஐந்து பிரதிகள்தான் இருந்தன. அவர் செய்த ஏற்பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. புத்தகங்களைப் பஸ் வழியாகப் பிரித்தார். நெய்யாற்றின்கரை பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று, நெடுமங்காட்டுப் பஸ்ஸுக்கு ஒன்று, கழக்கூட்டத்துக்கு ஒன்று, கிழக்கேகோட்டைப் பக்கத்துக்கு ஒன்று, தம்பானூரைச் சுற்றி நடந்தே வருகிறவர்களுக்கு ஒன்று. பஸ்ஸில் ஒருவர் படித்துவிட்டு, இறங்கும்போது அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரத்துக்கான அத்தியாயங்கள் முடிந்த இடத்திலிருந்து மீதிப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார். அதைத் தாண்டி யாரும் படிக்கவும் கூடாது, பேசவும் கூடாது.

பேசுவதற்குத்தான் என்னிடம் வந்தார். இணையத்தில் ஒரு குழு தொடங்கி, பிள்ளைகள் நாவலைப் பற்றி அங்கே எழுதி வாதாட வேண்டுமாம். வியாழக்கிழமை கடைசி இரண்டு பீரியட் என் அறை வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மொத்தப் பள்ளிக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இணையம். அதுவும் ஆபீஸ் போன் வயரைப் பிடுங்கி மாட்டினால்தான் வரும்.

“எழுதினதையெல்லாம் ஃப்ளாப்பியில வாங்கி, ஆபீஸ் மூடினப்புறம் நான்தானே ஏத்தணும் டீச்சர்?” என்று கேட்டேன்.

“பின்னே? நீங்க தபால்காரரு மாதிரின்னு வச்சுக்கிடுங்க சாரே” என்றார். ஏற்றியதை மறுநாள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுவைத்துப் பிள்ளைகளைப் படிக்க விடுவதும் என் வேலையாயிற்று.

அடுத்த குண்டு அதற்குப் பிறகு வந்தது. யாரும் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது. ஆளுக்கொரு மீன் பெயர். சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்தார்கள். சாளை, அயிலை, சூரை, வாளை, கரிமீன், நெய்மீன், நெத்தோலி. நாம் நெத்திலி என்று சொல்வதைத்தான் இங்கே நெத்தோலி என்பார்கள். நாவல் முடியும்வரை யார் எந்த மீன் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது டீச்சர் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு.

“டீச்சர், நாங்க சைவமாக்கும். பூ, பழம்னு ஏதாவது வெச்சுக்கப்படாதோ?”

“பூவுக்க பேரு வச்சா ஆம்பிளப் பிள்ளைய எடுக்காதுவ. சொந்தப் பேரு வச்சா சண்டை ஆளுக்க மேல போவும். மீனுக்க மேல போனா மீனுக்கென்ன?”

எங்கள் வீட்டு வாசலில் மீன்காரியின் குரல் கேட்டாலே என் அம்மா கதவைச் சாத்துவாள். நான் வாரா வாரம் இருபது மீன்களைக் கட்டி மேய்த்தேன்.

முதல் வியாழக்கிழமை முதல்வர் எட்டிப் பார்த்தார், ஷூவோடுதான். இருபது பேர் தோளோடு தோள் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே இருக்கிறவனிடம் வாயால் சொன்னால் ஆகாதா, இதற்கு எதற்கு கரண்ட் செலவு என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. இரண்டாவது வாரத்திலேயே அது போய்விட்டது. ஏற்றுகிறவன் நான் என்பதால் எல்லாவற்றையும் நான்தான் முதலில் படித்தேன். வகுப்பில் எப்போதும் கை தூக்குகிற நான்கு பேர் எழுதியது சாதாரணமாக இருந்தது. கை தூக்காதவர்கள் எழுதியதுதான் வெளுத்து வாங்கியது.

கதை இதுதான். எங்கோ ஒரு கடலோர ஊரில் அக்கா, தங்கை. படகுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து எரிகிறது. யார் வைத்த தீ என்று அக்காவுக்குத் தெரியும். அவள் சொல்வதில்லை. ஊரே தங்கையைச் சந்தேகப்படுகிறது, அப்போதும் சொல்வதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் பிள்ளைகளின் சண்டை. திமிர் என்றது சூரை. யாரையோ காதலிக்கிறாள், அவனைக் காப்பாற்றுகிறாள் என்றது வாளை. எனக்கோ அடுத்து என்ன என்று தெரியாமல் தலை வெடித்தது. ரப்பர் பேண்டை மெல்ல நகர்த்தப் போனேன். “சாருக்கும் அதே சட்டம்தான், கேட்டுதா?” என்று பின்னாலிருந்து டீச்சர் குரல்.

எல்லோரையும் விட நன்றாக எழுதியது நெத்தோலி. நீளமாக எழுதாது. நான்கைந்து வரிதான், ஆனால் அந்த வரிகளுக்குப் பிறகு சண்டையின் திசையே மாறிவிடும். ‘அக்கா பேசாதது திமிரால் அல்ல, பயத்தால். அவள் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள். பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள்’ என்று எழுதி, பக்க எண்களையும் போட்டிருந்தது. எல்லோரும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். மறுவாரம் வாளை மன்னிப்புக் கேட்டது. நெய்மீன் என்ற பெயரில் எழுதியவன், வக்கீல் மகன், ஆங்கிலம் தண்ணீராகப் பேசுபவன், நெத்தோலியின் வரிகளை மேற்கோள் காட்டாமல் எதையும் எழுதுவதில்லை என்று ஆகிவிட்டான். யாருடைய கருத்தைச் சொன்னாலும் அந்த மீனின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது டீச்சர் போட்ட இன்னொரு சட்டம்.

நெத்தோலி யார் என்று எனக்குத் தெரியும். மத்தியான இடைவேளையில் என் வாசலில் ஒரே ஒரு ஜோடி நீல வார்ச் செருப்பு கிடக்கும். அன்று கிடைக்கும் ஃப்ளாப்பியில் நெத்தோலியின் வரிகள் மட்டும்தான் இருக்கும். தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறவரின் மகள். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம். பத்தாவதுவரை மலையாள மீடியத்தில் படித்து, மதிப்பெண்ணால் இந்த வகுப்புக்கு வந்தவள். வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள்.

அரையாண்டு நெருங்கும்போது முதல்வர் டீச்சரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அவளை இப்போதே சாதாரணப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம், அவளுக்கும் கஷ்டமில்லை என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வுவரை விடுங்கள் என்று டீச்சர் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒரே வார்த்தை, டீச்சர். இவள்தான் நெத்தோலின்னு முதல்வர்கிட்ட சொல்லிடுங்கோ. எழுதினதையெல்லாம் நான் பிரிண்ட் எடுத்துத் தரேன்.”

“சொல்லப்பிடாது சாரே.”

“பின்னே அந்தக் குழந்தை போயிடட்டுமா?”

“நான் வாக்கு குடுத்திருக்கேன். எனக்க வாயிலேருந்து ஒரு பேரு வெளிய போனா, நாளைக்கு ஒரு பிள்ளையும் எழுதாது. அவளே சொல்லணும், இல்லன்னா வேண்டாம்.”

அவருடைய பிடிவாதத்தின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அதே வாரத்தில்தான் அவர் தினமும் மத்தியானம் சாப்பிடாமல் என் அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். உள்ளே எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணை வேறு யாரும் வந்து தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாய்மொழித் தேர்வு என் அறையில்தான் நடந்தது. காரணம் ஏசி. முதல்வர் ஷூவோடு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். டீச்சர் எழுதிக் கொடுத்த கேள்விகள் அவர் கையில். அந்தப் பெண்ணின் முறை சீக்கிரமே வந்தது. அக்கா ஏன் பேசவில்லை என்றுதான் அவளையும் கேட்டார். நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “இட்ஸ் ஓகே” என்று தாளில் ஒரு கோடு போட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே எழுந்து சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லியும் இருப்பேன், ஆனால் டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

கடைசியில் வக்கீல் மகன். அதே கேள்வி. அவன் அழகாக ஆரம்பித்தான். அவள் பேசாதது பயத்தால், வாயைத் திறந்தபோதெல்லாம் வீட்டில் சிரித்தார்கள், இன்ன பக்கம், இன்ன பக்கம். முதல்வரின் முகம் மலர்ந்தது. பிரமாதம், நீயே யோசித்ததா என்று கேட்டார்.

“நோ சார். நெத்தோலி சொன்னது” என்றான் அவன். சட்டம் சட்டம்தானே.

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஆராடோ ஈ நெத்தோலி?”

தெரியாது சார் என்றான் பையன். தெரியாது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் படிப்பது அந்த மீன்தான் என்று ஒருத்தி சொன்னாள். நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“நோ.”

குரல் சுவரோரத்திலிருந்து வந்தது. சின்னக் குரல்தான். ஆனால் கோபம் இருந்தது.

“அவன் சொல்றது பழசு சார்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “நான் அதை மாத்திட்டேன். போன வியாழக்கிழமை எழுதினேன். அவன் படிக்கல.” ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது. “அது பயம் இல்ல. புத்தகம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். அவகிட்ட எல்லாரும் சொல்றாங்க, திட்டுறாங்க, போன்னு வான்னு சொல்றாங்க. என்ன நடந்ததுன்னு ஒருத்தர்கூட அவகிட்ட கேக்கல.”

வக்கீல் மகன் வாயைப் பிளந்தபடி அவளையே பார்த்தான். பிறகு “ஸாரி, நெத்தோலி” என்றான், மரியாதையாக. தன் கருத்தை ஒருவன் தப்பாகச் சொல்கிறான் என்றதும் அந்தப் பெண்ணால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்து கம்ப்யூட்டர் திரைகள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தன.

முதல்வர் தாளில் போட்ட கோட்டைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். தேர்வில் யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. “இப்போ நான் கேக்கறேன்” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். “அந்தப் பக்கங்களை எனக்குக் காட்டு.”

பெல் அடித்த பிறகும் அவள் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவருடைய ஃப்ளாப்பிகளை நானே துடைத்து அடுக்கி வைத்தேன்.

அவள் அந்தப் பிரிவிலேயே படித்தாள். வகுப்பில் அதற்குப் பிறகும் நிறையப் பேசியதில்லை. யார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் நெத்தோலி என்றுதான் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை நான் சாவியோடு வர நேரமாகிவிட்டது. டீச்சர் ஆபீஸிலிருந்து மாற்றுச் சாவி வாங்கித் திறந்திருந்தார். வாசலில் வழக்கமான செருப்புக் குவியல். நீல வார்ச் செருப்பும் இருந்தது. அதன் பக்கத்தில், காலுறையை உள்ளே சுருட்டித் திணித்து, ஒரு ஜோடி கறுப்பு ஷூ ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.