வக்கீல் சார் பேசாத கூட்டம்

வக்கீல் சாரை நினைத்தால் அவருடைய இடது உள்ளங்கைதான் முதலில் தெரிகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை மெல்ல எழுந்து மைக்கின் தலையை மூடும். தூங்குகிற குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் மறைப்பதுபோல இருக்கும். மைக்கைக் கையால் மூடினால் ஒலிபெருக்கிக் குழாய் கூவிவிடும். அதனால் அவர் கை எழும்போதே நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். கோயில் மணியோ பள்ளிவாசல் பாங்கோ சர்ச் மணியோ, எது கேட்டாலும் எங்கள் கட்சிக் கூட்டத்தில் பேச்சு நின்றுவிடும். அது அடங்கிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். திங்கள்சந்தையில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். மைக்கில் ‘ஹலோ’ சொல்வதற்குக்கூட எனக்குக் கூச்சம். விரலால் தட்டித்தான் சோதிப்பேன். வாடகைக்குக் கேட்கும் எல்லாக் கட்சிக்கும் கட்டிக்கொடுத்திருக்கிறேன் என்றாலும், என் கட்சி என்று மனதுக்குள் வைத்திருந்தது வக்கீல் சாரின் கட்சியை மட்டும்தான்.

அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கட்சியை அவரோடு சேர்ந்து தொடங்கிய அரிசிக்கடை அண்ணாச்சி, நெற்றியில் நாமம் இல்லாமல் கடை திறக்காதவர். இருவரும் முன்பு ஒரு பெரிய கட்சியில் இருந்து சலித்து வெளியே வந்தவர்கள். எல்லாவற்றையும் புரட்டிப்போட வேண்டும் என்பவர்களையும் அவர்களுக்குப் பிடிக்காது. பழைய பெரிய வீட்டுக்காரர்களுக்கு இன்றும் கைகட்டி நிற்பவர்களையும் பிடிக்காது. வக்கீல் சார் மேடையில் சொல்வார்: “ராஜா போனாரு, நல்லது. அவரு வெட்டின குளத்தையும் சேத்து மண்ணடிச்சுத் தூத்துப்போடணுமா மக்கா?” கூட்டம் சிரிக்கும். அந்த ஒரு வரியில் கட்சியின் கொள்கை முழுவதும் இருந்ததாக எனக்குத் தோன்றும். குளம் வேண்டும், சாமி வேண்டும், குடும்பம் வேண்டும். ஆனால் குளத்தில் எல்லோரும் இறங்க வேண்டும்.

பேச்சை நிறுத்துகிற வழக்கம் யாரும் தீர்மானம் போட்டு வந்ததல்ல. முட்டத்தில் நடந்த முதல் கூட்டத்தில் அண்ணாச்சி பேசும்போது சர்ச் மணி அடித்தது. அவர் தானாகவே நிறுத்திக் கைகூப்பி நின்றார். கடற்கரைக்காரர்கள் கை தட்டினார்கள். அடுத்து மயிலாடியில் சாயங்கால பூஜை மணி. அப்போது மைக்கை மூடியது வக்கீல் சார். அதன்பிறகு அந்த நிறுத்தத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். “மணியடிச்சா வாயடைக்கிற கட்சி” என்று மற்ற கட்சிக்காரர்கள் கேலி செய்தார்கள். கேலியே எங்களுக்கு விளம்பரம் ஆனது. உள்ளாட்சித் தேர்தலில் பல ஊர்களில் எங்கள் ஆட்கள் தலைவர்களாக வந்தார்கள். கூட்டணி பேசப் பெரிய கட்சிகளின் கார்கள் வக்கீல் சார் வீட்டு முன்னால் வந்து நின்றன. களியக்காவிளையில் ஒரு கூட்டத்துக்கு என்னிடம் இருந்த குழாய்கள் போதாமல் மார்த்தாண்டத்துக் கடையிலிருந்து இரவல் வாங்கிக் கட்டினேன். அப்படியும் ஒரு காலம் இருந்தது என்று இன்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

எப்போது இறங்கத் தொடங்கினோம் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஊர்களில் மதக் கொடிகள் அதிகமாயின. வாட்ஸ்அப்பில் எதைப் பார்த்தாலும் ஒரு பக்கத்தான் இன்னொரு பக்கத்தானைப் பற்றிப் பயம் கிளப்பினான். எங்கள் கிளைகளில் ஒன்றாக டீ குடித்தவர்கள் தனித்தனிக் கடைகளுக்குப் போனார்கள். ஒரு தேர்தலில் தோற்றோம். அடுத்ததில் கட்டிய டெபாசிட்டும் திரும்பவில்லை. “சாரே, நல்ல கட்சிதான். ஆனா அவனுவ வந்தா ஒம்ம கட்சியா எனக்க வீட்டுக்குக் காவல் நிக்கும்?” என்று ஒருவர் வக்கீல் சாரின் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது கடலோரத்தில் ஒரே ஊர். அங்கே கிளைச் செயலாளர் ஒரு கொத்தனார். சிரித்த முகம். மேடைக்குப் பலகை அடிப்பதிலிருந்து கொடி கட்டுவதுவரை அவர்தான். அந்த ஊரில் கோயில் மதிலுக்கும் சர்ச் மதிலுக்கும் நடுவே ஒரு நடைபாதை இருந்தது. மீன் பெட்டியோடு பெண்கள் போவதும், இறந்தவர்களைக் கொண்டுபோவதும் அந்த வழியாகத்தான். அது யாருக்குச் சொந்தம் என்று தகராறு கிளம்பி, இரண்டு பக்கத்து வாலிபர்களும் கம்போடு திரிந்தார்கள். வக்கீல் சார் இரண்டு பக்கத்துப் பெரியவர்களின் வீடுகளுக்கும் நடையாய் நடந்து, பாதை எல்லோருக்கும் பொது என்று இருவரையும் சம்மதிக்கவைத்தார். ஆனால் தன் ஆட்களின் முன்னால் விட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் வராமல் இருக்க, அதை முதலில் சொல்ல இருவருமே தயாராக இல்லை. இருவரையும் மேடையில் உட்காரவைத்து வக்கீல் சார் சொல்ல வேண்டும், அவர்கள் தலையாட்டுவார்கள், அதுதான் ஏற்பாடு. ஊர்முன்னால் சொல்லிவிட்டால் பிறகு யாரும் மாற முடியாது. பாதையும் நிற்கும், கட்சியும் நிற்கும் என்று நாங்கள் நம்பினோம்.

சாயங்காலம் கூட்டம். நல்ல ஜனம். வக்கீல் சார் எழுந்து மைக்கைப் பிடித்து, “பெரியோர்களே” என்றார். அந்த நொடியில் ஒரு பக்கத்துக் குழாயில் பக்திப் பாட்டு ஆரம்பித்தது. எந்தப் பக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நானும் ஒரு பக்கம் ஆகிவிடுவேன். அது பூஜை நேரமும் இல்லை, ஜெப நேரமும் இல்லை. ஆனாலும் அவருடைய இடது கை எழுந்து மைக்கை மூடியது.

பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு வந்தது. அது முடிந்ததும் இன்னொன்று. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்துக் குழாயிலும் தொடங்கினார்கள். ஒன்று ஓயும்போது மற்றது பாடியது. வக்கீல் சார் மைக்கை மூடியபடியே நின்றார். வியர்வை சட்டைக் காலரை நனைத்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன், “மணியே அடிக்கல்ல, வாயடச்சாச்சு!” என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

அரிசிக்கடை அண்ணாச்சி அவருடைய காதருகே போய், “ஓய் வக்கீலே, பேசும். நம்ம குழாய்க்கு முன்னால இது கொசுச் சத்தம்” என்றார்.

“இது சாமிப்பாட்டு அண்ணாச்சி.”

“சாமிக்கா போடுதானுவ? ஒம்ம வாய அடைக்கப் போடுதானுவ.”

“தெரியும். இண்ணைக்கு இந்தப் பாட்ட மீறிப் பேசிட்டா, நாளைக்கு எந்த மணிச் சத்தத்துக்கு நிறுத்துவோம்?”

நான் மேடையின் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டவா என்று விரலால் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஜனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. மேடையில் இருந்த பெரியவர்களில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அதைப் பார்த்து மற்றவரும் இறங்கினார். எதிராளி பேசி முடித்ததை உடைத்துவிட்டான் என்று இருவரும் தத்தம் ஆட்களிடம் சொல்லிக்கொண்டே போனது என் காதில் விழுந்தது. போலீஸ் அனுமதி நேரம் முடிந்ததும் எஸ்.ஐ. வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். வக்கீல் சார் மைக்கை என்னிடம் கொடுத்தார். அன்று அவர் பேசியது “பெரியோர்களே” என்ற ஒரே சொல்.

மறுநாள் காலையில் பாதையின் இரண்டு முனைகளிலும் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். பாதை பொதுவென்று பேசி முடித்ததை அறிந்த கொத்தனார், அதை நம்பித் தனியாகவே முள்ளை அகற்றப் போனார். கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கோர்ட்டில் கடைசிவரை தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு இரண்டு பக்கத்தாரும் கொடியோடு வந்து, எங்கள் ஆள் என்றார்கள். அவருடைய மனைவி ஒருவரையும் முற்றத்தில் ஏறவிடவில்லை. வக்கீல் சாரை மட்டும் வரச்சொன்னாள். “சாரே, அம்புட்டு நேரம் மைக்கப் புடிச்சிட்டு நின்னியளே. பாதை எல்லாருக்கும் உள்ளதுன்னு ஒத்த வார்த்த சொல்லப்பிடாதா? சொல்லியிருந்தா முள்ளு விழுந்திருக்காதே. எனக்க மாப்பிள்ளையும் போயிருக்க மாட்டாரே.” அவர் அவளுக்கு முன்னால் கும்பிட்டபடி நின்றார். நான் அவரைக் கையைப் பிடித்துக் காருக்கு அழைத்துவந்தேன்.

அதன்பிறகு அவர் மேடை ஏறவில்லை. அண்ணாச்சி ஒரு பக்கத்துக் கட்சியில் சேர்ந்து, இப்போது அதில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். கட்சி அலுவலகம் இருந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை நடக்கிறது. அந்த ஊரில் பாதை இருந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது. இறந்தவர்களை மெயின் ரோட்டைச் சுற்றி வேனில் கொண்டுபோகிறார்கள். இப்போது தேர்தல் வந்தால் எனக்கு ஓய்வே இல்லை. யாரும் எதற்கும் பேச்சை நிறுத்துவதில்லை. இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்றுதான் சொல்கிறார்கள்.

சென்ற வாரம் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு வக்கீல் சாரைப் பார்க்கப் போனேன். படுக்கையில்தான் இருக்கிறார். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புரிகிறது. வழக்கமாக என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். அன்று கேட்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடியே, “ஏலே, நீ மைக்குக்காரன். ஒனக்குத்தான் தெரியும். அண்ணைக்கு நான் பேசியிருந்தா, அந்தச் சத்தத்துல ஜனத்துக்குக் காதுல விழுந்திருக்குமா?” என்றார்.

அன்று நான்கு குழாய் கட்டியிருந்தேன். அவர்கள் இரண்டு பக்கமும் வைத்திருந்தவை பழைய குழாய்கள், தகரம்போல இரையும். அவர் வாயைத் திறந்திருந்தால் படகுத்துறை வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் போயிருக்கும்.

“இல்ல சார். ஒண்ணும் விழுந்திருக்காது” என்றேன்.

கோர்ட்டில் ஆயுள் முழுக்கச் சாட்சிகளின் முகத்தைப் பார்த்தே பிழைத்தவர். என் முகத்தையும் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

“செரி மக்கா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.